யுனிக்ஸ் முறைமையிற் பதிவேடு பேணலும் களைதலும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு சான்றுகளை ஆதாரமாகக் கொண்டே எழுதப்படுகின்றது. ஆயின், சான்றுகள் யாவும் தாமாகவே எஞ்சி நிற்பன அல்ல. எழுதப்பட்டவற்றுள் எதனைப் பேணுவது, எதனைக் களைவது என்பதை ஒவ்வொரு காலத்திலும் எவரோ தீர்மானித்துள்ளனர். அத்தீர்மானத்தின் எச்சமே பின்வந்த வரலாற்றாசிரியனின் கைக்குக் கிட்டுகின்றது. கல்வெட்டு, ஓலை, அரசாங்கக் கோவை ஆகியவற்றைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை பலகாலும் எடுத்துக்கூறப்பட்டதொன்றாகும். மனிதர் எவரும் கைதொட்டு எழுதாது, இயந்திரம் தன் செயல்களைத் தானே குறித்துவரும் ஏடுகளுக்கும் இது பொருந்தும் என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை.

கப்பலின் வேகத்தை அளப்பதற்காகக் கயிற்றிற் கட்டிக் கடலில் எறியப்பட்ட மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லொக்' என்ற பெயர் வழங்கியது. அப்பெயர் காலப்போக்கில் அவ்வளவைக் குறித்துவைத்த ஏட்டுக்கும், பின்னர் நாள்தோறும் நிகழ்பவற்றைக் குறிக்கும் எந்த ஏட்டுக்கும் ஆகிவந்தது. இலங்கைப் பாடசாலைகளில் அதிபர் பேணும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் அவ்வகையினதே. கணினிச் சேவையகம் ஒன்றிலே யார் எப்பொழுது உட்புகுந்தார், எந்தச் செய்நிரல் தவறியது, எந்த மடல் எவ்வழியாற் சென்றது என்பவற்றையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் கோப்பே பதிவுக்கோப்பு எனப்படும். சேவையகம் இயங்கும்வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். அதனைத் தாங்கும் வட்டோ வளர்வதில்லை. ஆகவே, ஒரு திகதிக்கு முற்பட்ட பதிவுகளை வெட்டிக் களையும் வேலை யுனிக்ஸ் முறைமையின் தொடக்ககாலம் முதலே அதனைப் பேணுவோரின் கடமைகளுள் ஒன்றாக இருந்துவந்துள்ளது.

அத்திகதியை எது தீர்மானித்தது என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும். முதலில் வட்டின் இடமும், அடுத்து விசாரணையின் தேவையும், இறுதியாகச் சட்டமும் அதனைத் தீர்மானிக்க முற்பட்டன. ஆனால், பின்வந்த காரணங்கள் முந்தியதை நீக்கிவிடவில்லை. வட்டின் இடத்துக்காக வகுக்கப்பட்ட விதி, நோக்கம் மாறிய பின்னரும் தன்போக்கிற் செயற்பட்டு வந்துள்ளது. அதன் விளைவுகளைக் காண்பதற்கு அவ்விதி பிறந்த காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

முதற்காலம்: கட்டணக் கணக்கும் வட்டின் இடமும்

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில்லில் அமைந்திருந்த பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் உருவாக்கப்படலாயிற்று. அதன் முதலாவது கைந்நூல் 1971 நவம்பர் 3ஆந் திகதியைத் தாங்கியது. பயனர் உட்புகுந்தமையையும் வெளியேறியமையையும் குறிக்கும் 'டபிள்யூ.ரி.எம்.பி.' என்ற ஏடு அக்கைந்நூலிலேயே இடம்பெற்றுள்ளது. யுனிக்ஸ் முறைமையோடு உடன்பிறந்தது பதிவேடு என்று இதனாற் கூறலாம்.

அவ்வேட்டில் நேரம் குறிக்கப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. தொடக்கத்தில், 1971 ஜனவரி 1 முதல் எத்தனை அறுபதிலொரு வினாடிகள் கழிந்தன என்ற எண்ணே நேரமாகக் கொள்ளப்பட்டது. 32 துணுக்குகளில் அடங்கும் அவ்வெண் ஏறத்தாழ 829 நாள்களில் நிரம்பிவிடும். எனவே கணக்கு முழுவினாடிக்கும், தொடக்கநாள் 1970 ஜனவரி 1க்கும் மாற்றப்பட்டன. ஏட்டினை வகுத்தவர்கள் அது சில ஆண்டுகளுக்கு அப்பாலும் நிற்கும் என்று முதலில் எண்ணியிருக்கவில்லை என்பதற்கு இது ஒரு குறிப்பாகும்.

1979இல் வெளிவந்த ஏழாவது பதிப்பின் கைந்நூல், இவ்வேட்டினைக் கையாளும் முறைபற்றித் தெளிவாகவே பேசுகின்றது. பதிவை எழுதும் செய்நிரல்கள் அக்கோப்பைத் தாமாக உருவாக்குவதில்லை. கோப்பு இல்லாவிடின் பதிவும் இல்லை. கோப்பு இருந்து, அதனை எவரும் தொடாதுவிட்டால் அது எல்லையின்றி வளரும். ஆதலால், வேண்டிய தகவலைக் காலத்துக்குக் காலம் திரட்டிக்கொண்டு கோப்பை வெறுமையாக்கிவிட வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் அறிவுரையின் சாரமாகும். களைதல் என்பது பிற்காலத்து நிருவாகி எவரும் கண்டுபிடித்த உபாயம் அன்று. ஏட்டோடு சேர்த்தே விதிக்கப்பட்டதொன்று.

'வேண்டிய தகவல்' எது? அக்காலத்துக் கணினி பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய விலையுயர்ந்த இயந்திரமாகும். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்பதைக் கணக்கிட்டு அவர்தம் பிரிவுக்குக் கட்டணம் விதிப்பதே பதிவேட்டின் முதனோக்கமாக விளங்கியது. கட்டணம் கணிக்கப்பட்டதும் ஏட்டின் பயன் முடிந்துவிடுகின்றது. இயக்கப்பட்ட கட்டளைகளைக் குறிக்கும் மற்றொரு கணக்குக்கோப்பு, பெரிய முறைமை ஒன்றில் நாளொன்றுக்கு 100 தொகுதிகள்வரை வளரக்கூடும் என அதே கைந்நூல் எச்சரிக்கின்றது. தொகுதி ஒன்று 512 பைற்றுகளைக் கொண்டது. ஆகவே நாளொன்றுக்கு 51,200 பைற்றுகள். அந்நாளில் யுனிக்ஸ் இயங்கிய பி.டி.பி.-11 கணினிகளோடு பயன்படுத்தப்பட்ட ஆர்.கே.05 வட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 மெகாபைற்றுகளே. வேறெதனையும் வைக்காதுவிட்டாலும் அத்தகைய வட்டு ஒன்று ஏறக்குறைய 50 நாள்களில் நிரம்பிவிடும்.

இதற்குக் கைந்நூல் காட்டிய வழி சுருக்கித் தொகுத்தலாகும். ஒவ்வொரு கட்டளையும் எத்தனை தடவை இயக்கப்பட்டது, எவ்வளவு நேரத்தை எடுத்தது என்ற கூட்டுத்தொகைகள் வேறொரு கோப்பிற் சேர்க்கப்பட்டன, மூலம் களையப்பட்டது. எவ்வளவு என்பது எஞ்சியது. யார், எப்பொழுது என்பன மறைந்தன. நிகழ்ச்சிகளின் வரிசையாக இருந்த ஏடு புள்ளிவிவர அட்டவணையாயிற்று. கணக்காளனுக்கு இது போதும். ஒரு குறித்த நாளில் நிகழ்ந்ததை அறிய விரும்புபவனுக்கோ எதுவும் மிஞ்சவில்லை.

கோப்பின் தலையை வெட்டுதல்

திகதிப்படி வெட்டுதல் கேட்பதற்கு எளிதானது. பழைய வரிகள் கோப்பின் தலைப்பக்கத்தில் உள்ளன. புதியவை வாற்பக்கத்தில் உள்ளன. தலைப்பக்கத்தை நீக்கினாற் போதும். ஆனால், யுனிக்ஸ் கோப்பின் இயல்பே இதற்குத் தடையாக அமைந்தது. யுனிக்ஸ் கோப்பு என்பது பைற்றுகளின் நீண்ட வரிசை. அதன் வாலிலே சேர்க்கலாம், வாலை வெட்டிக் குறுக்கவும் செய்யலாம். தலையை வெட்டுவதற்கான வழியை முறைமை நெடுங்காலம் வழங்கவில்லை. 2014இல் லினக்ஸ் கருவின் 3.15ஆம் பதிப்பு சிலவகைக் கோப்பமைப்புகளில் அதற்கு இடமளித்த போதிலும், அவ்வெட்டும் வட்டுத்தொகுதியின் எல்லையிலேயே விழவேண்டும். வரியின் எல்லையிலோ நாளின் எல்லையிலோ அன்று.

எனவே, வைத்திருக்க விரும்பும் பகுதியை வேறொரு கோப்பிற் படியெடுத்து, பழையதை அகற்றுவதே வழக்கமாயிற்று. இதற்கு மேலதிக இடம் வேண்டும். வட்டு நிரம்பியதாலேயே வெட்டவந்த நிருவாகிக்கு அவ்விடம் கிடைப்பதில்லை. அடுத்த இடர், பதிவை எழுதும் செய்நிரல் கோப்பை ஓயாது திறந்து வைத்திருப்பதாகும். யுனிக்ஸ் முறைமையிற் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயரை நீக்கினாலும், ஏதாவதொரு செய்நிரல் திறந்து வைத்திருக்கும்வரை கோப்பு வட்டில் இருந்துகொண்டேயிருக்கும். பெரும் பதிவுக்கோப்பை நீக்கிய நிருவாகி, வட்டிலே ஓர் அங்குல இடமும் விடுபடாதிருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. கண்ணுக்குத் தெரியாத அக்கோப்பிலேயே செய்நிரல் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். அது மூடப்படும் கணத்தில் அவ்வளவும் அழிந்துபோகும்.

இதனைத் தவிர்க்க, எஞ்சவேண்டிய பகுதியைப் படியெடுத்தபின் அதனைப் பழைய கோப்பினுள்ளேயே திரும்ப ஊற்றும் முறையும் கையாளப்பட்டது. படியெடுப்புக்கும் ஊற்றுதலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட வரிகள் அதனால் இழக்கப்பட்டன. அவ்விடைவெளி சில கணங்களே நீடிக்கலாம். ஆயினும் நெருக்கடியிலே நிகழும் வெட்டு என்பதால், இழக்கப்படுபவை பெரும்பாலும் அந்நெருக்கடியின் காரணத்தைக் கூறக்கூடிய வரிகளாகவே இருக்கும்.

சிஸ்லொக்கும் ஆண்டில்லாத திகதியும்

தொடக்கத்தில் ஒவ்வொரு செய்நிரலும் தன் பதிவைத் தன்போக்கில் எழுதிவந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 'சென்ட்மெயில்' என்ற அஞ்சற் செய்நிரலை எழுதிய எரிக் ஆல்மன், அதன் பதிவுகளைத் திரட்டுவதற்காகச் 'சிஸ்லொக்' என்ற ஏற்பாட்டையும் அமைத்தார். 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸ் 4.2ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. இதன்படி எல்லாச் செய்நிரல்களும் தம் செய்திகளை ஒரே எழுத்தனிடம் ஒப்படைக்கின்றன. அவ்வெழுத்தன், செய்தி எத்துறைக்குரியது, எத்துணை கடுமையானது என்பவற்றை நோக்கி உரிய கோப்பிற் பதிகின்றான். வேண்டுமாயின் வலையமைப்பின் ஊடாக மற்றொரு கணினிக்கும் அனுப்புகின்றான்.

பதிவேட்டின் வரலாற்றில் இது பெரியதொரு முன்னேற்றமாகும். பல நிகழ்ச்சிகளை ஒரே காலவரிசையில் வைத்து நோக்குவது இதனாற் சாத்தியமாயிற்று. எனினும், ஒரே கோப்பிற் பயனற்ற செய்தியும் அரிய செய்தியும் அருகருகே நின்றன. திகதியை மாத்திரம் நோக்கும் வெட்டுக்கு இரண்டும் ஒன்றே.

மேலும், சிஸ்லொக் வரியின் தொடக்கத்தில் மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி என்பன எழுதப்பட்டனவேயன்றி ஆண்டு எழுதப்படவில்லை. நேரவலயமும் குறிக்கப்படவில்லை. நெடுநாள் வழக்கில் இருந்த இவ்வமைப்பு, 2001 ஓகஸ்டில் இணையப் பொறியியற் பணிக்குழு வெளியிட்ட 3164ஆம் இலக்க ஆவணத்திலும் உள்ளவாறே விவரிக்கப்பட்டது. அறுபதாண்டு வட்டத்திலே பெயர் மட்டும் கூறப்பட்ட ஓராண்டினை எவ்வட்டத்துக்குரியது என்று துணிய இயலாது இடர்ப்படுவோரின் நிலையே இங்கும் நேர்கின்றது. வட்டம் இங்கே ஓராண்டுக்குச் சுருங்கிவிட்டது. சென்ற ஆண்டு மார்ச்சும் இவ்வாண்டு மார்ச்சும் ஒரே எழுத்தில் நிற்கும் கோப்பில், மார்ச்சுக்கு முந்தியதை நீக்கு என்ற கட்டளைக்குத் திட்டமான பொருள் இல்லை. ஏடு ஓராண்டைத் தாண்டி வாழாது என்ற எண்ணமே அவ்வமைப்பில் உறைந்திருந்தது எனலாம்.

நடைமுறையில் வேறு தவறுகளும் நேர்ந்தன. குறித்த திகதியைத் தாங்கிய முதல்வரியைத் தேடி, அங்கிருந்து இறுதிவரை படியெடுக்குமாறு கட்டளையிடுவது வழக்கம். அந்நாளில் ஒரு நிகழ்ச்சியும் பதியப்படாதிருந்தால், தேடல் எதனையும் காணாது வெறுங்கோப்பையே தரும். நிருவாகி அதனையே மூலத்தின் இடத்தில் வைத்துவிட்டால் ஏடு முழுவதும் போய்விடும். ஒரே செய்தி பலமுறை வரும்போது இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக, முன்சொன்ன செய்தி இத்தனை தடவை மீண்டும் வந்தது என்று மாத்திரம் எழுதுவது சிஸ்லொக்கின் வழக்கம். வெட்டு அவ்வரிக்குச் சற்று முன்னதாக விழுந்தால், எஞ்சிய வரி எதனைப்பற்றிப் பேசுகின்றது என்பதை எவராலும் அறியமுடியாது. 2009 மார்ச்சில் வெளிவந்த 5424ஆம் இலக்க ஆவணமே ஆண்டையும் நேரவலயத்தையும் உள்ளடக்கிய முழுமையான நேரக்குறிப்பை விதியாக்கியது.

வெட்டுதலிலிருந்து சுழற்றலுக்கு

வளர்ந்த ஏட்டைப் பின்னர் வெட்டுவதிலுள்ள இடர்கள் உணரப்பட்டபோது, வளருமுன்னரே பிரித்துவைக்கும் முறை தோன்றியது. நாளுக்கு ஒரு கோப்பு அல்லது கிழமைக்கு ஒரு கோப்பு எனப் பிரித்துவிட்டால், காலம் கடந்த கோப்பை முழுமையாக நீக்கிவிடலாம். எந்த வரியையும் நடுவே வெட்டவேண்டியதில்லை. இதனையே சுழற்றல் என்பர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் அதீனா திட்டத்திலே தியடோர் சோ 1980களின் பிற்பகுதியில் எழுதிய 'நியூசிஸ்லொக்' இவ்வகையில் முன்னோடியானது. பேர்க்லி மரபில் வந்த முறைமைகளில் அது நிலைபெற்றது. லினக்ஸ் உலகில், ரெட் ஹற் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ட்ரோன் முதலியோர் 1990களில் எழுதிய 'லொக்ரொட்டேற்' பரவலாயிற்று.

இவற்றின் செயன்முறை எளியது. குறித்த நேரத்தில் நடப்புக்கோப்பின் பெயரோடு 1 என்ற எண் சேர்க்கப்படும். முன்பு 1 ஆக இருந்தது 2 ஆகும். இவ்வாறே ஏனையவும் நகரும். எல்லையைக் கடந்த இறுதிக்கோப்பு நீக்கப்படும். பின்னர், பழைய கோப்பை மூடிப் புதியதைத் திறக்குமாறு எழுத்தனுக்குச் சைகை அனுப்பப்படும். பழைய கோப்புகளைச் சுருக்கி வைத்தலும் உண்டு. பெயர் வேறு கோப்பு வேறு என்ற யுனிக்ஸ் இயல்பு, முன்னர் தடையாக இருந்தது, இங்கே துணையாக மாறியது. பெயர் மாறிய பின்னரும் சைகை கிட்டும்வரை எழுத்தன் பழைய கோப்பிலேயே எழுதுவதால் ஒரு வரியும் தவறுவதில்லை.

தொழினுட்ப நோக்கிற் சுழற்றல் நல்லதொரு தீர்வாகும். ஆயின், வெட்டவேண்டிய திகதியை நிருவாகி அவ்வப்போது நின்று சிந்தித்த நிலை இதனோடு முடிந்தது. எல்லையை அமைப்புக்கோப்பு ஒன்றின் இரு வரிகள் தீர்மானித்தன. லொக்ரொட்டேற்றுடன் ரெட் ஹற் வழங்கிய பொதுவிதி கிழமைக்கொரு சுழற்சி, நான்கு பழைய கோப்புகள் என்பதாகும். வேறு கூறப்படாவிடின், நிறுவனம் ஒன்றின் கணினி ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் நிகழ்ந்ததை மறந்துவிடும். அம்மறதிக்கு எவரும் கையொப்பமிடுவதில்லை.

75 சதமும் 416 நாள்களும்

கட்டணத்துக்காகப் பேணப்பட்ட ஏடு வேறொரு நோக்கத்துக்கும் உதவும் என்பதை 1986இல் நிகழ்ந்த சம்பவமொன்று உலகுக்கு உணர்த்தியது. கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் அவ்வாண்டு ஓகஸ்டில் இரு கணக்கீட்டுச் செய்நிரல்களின் தொகைகளுக்கிடையே 75 சதம் வேறுபாடு காணப்பட்டது. அதனை ஆராயுமாறு பணிக்கப்பட்டவர் கிளிபோர்ட் ஸ்ரோல் என்ற வானியலாளர். அற்பமான அத்தொகையைத் தொடர்ந்து சென்ற அவர், உரிமையற்ற ஒருவர் ஆய்வுகூடக் கணினியினுட் புகுந்து, அதன் வழியே அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளைத் துருவுவதைக் கண்டார். ஊடுருவியவர் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து செயற்பட்டவர் என்பதும், திரட்டப்பட்ட தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன என்பதும் பின்னர் வெளிப்பட்டன. 1988 மேயில் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் 1989இல் நூலாகவும் ஸ்ரோல் இதனை எழுதினார்.

இச்சம்பவத்தில் இரு செய்திகள் கருதத்தக்கன. கணக்கேடு சுருக்கப்பட்டு மூலம் களையப்பட்டிருந்தால் 75 சதம் வெறும் கணக்குப் பிழையாகவே முடிந்திருக்கும். மற்றையது, கணினியின் ஏட்டை மட்டும் ஸ்ரோல் நம்பவில்லை என்பதாகும். உள்வரும் தொடர்புகளோடு அச்சுப்பொறிகளை இணைத்து, ஊடுருவியவரின் கைபடமுடியாத தாளில் அனைத்தையும் பதிந்தார். முறைமையின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியவர் அதன் ஏட்டையும் வெட்டவல்லவர் அல்லவா? தம் பெயரைத் தாங்கிய பதிவுகளை மட்டும் டபிள்யூ.ரி.எம்.பி. ஏட்டிலிருந்து துடைக்கும் சிறு செய்நிரல்கள் ஊடுருவுவோரிடையே பின்னர் வழங்கலாயின.

இங்கேதான் களைதலின் உண்மையான சிக்கல் புலப்படுகின்றது. நிருவாகி வெட்டினாலும் ஊடுருவியவர் வெட்டினாலும் ஏட்டில் எஞ்சுவது ஒரே வகையான வெறுமையே. இன்ன திகதிக்கு முந்தியவை, இன்ன நாளில், இன்ன விதிப்படி களையப்பட்டன என்ற குறிப்பு இருந்தால் மாத்திரமே அவ்விரண்டையும் வேறுபடுத்தலாம். குறிப்பின்றி அவசரத்தில் வெட்டும் நிருவாகி, தன்னை அறியாமலே குற்றவாளிக்கு மறைவிடம் அமைத்துக்கொடுக்கின்றான். சில வேளைகளில் நிரபராதியின் சான்றையும் சேர்த்தே களைந்துவிடுகின்றான்.

காலவெல்லையின் போதாமையும் பின்னர் எண்ணாலேயே உணர்த்தப்பட்டது. கணினி ஊடுருவல்களை ஆராயும் மண்டியன்ற் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அது முந்திய ஆண்டில் ஆராய்ந்த நிகழ்ச்சிகளில் ஊடுருவியவர் கண்டுபிடிக்கப்படுமுன் உள்ளே தங்கியிருந்த காலத்தின் இடைநிலையம் 416 நாள்களாகும். பிற்காலத்து அறிக்கைகளில் இவ்வெண் பெரிதும் குறைந்துள்ளது. எனினும் 416 நாள்களையும் நான்கு கிழமைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். ஊடுருவல் கண்டுபிடிக்கப்படும் நாளில், அது தொடங்கிய நாளின் பதிவு பொதுவிதியால் எப்போதோ களையப்பட்டிருக்கும்.

சுவடிக்கூடத்தின் அனுபவம்

கணினித்துறை இவ்வினாவை எதிர்கொள்ளுமுன்னரே சுவடிக்கூடங்கள் அதனோடு போராடியுள்ளன. பிரித்தானியச் சுவடியியல் அறிஞர் ஹிலரி ஜென்கின்சன் 1922இல் வெளியிட்ட கைந்நூலில், எதனைக் களைவது என்று தெரிவுசெய்யும் வேலை சுவடிக்காப்பாளனுக்கு உரியதன்று என்ற நிலைப்பாட்டை மேற்கொண்டார். தெரிவு காப்பாளனின் விருப்புவெறுப்பைச் சான்றினுட் புகுத்திவிடும் என அவர் அஞ்சினார். இரண்டாம் உலகப் போரையடுத்து அரசாங்கக் கோவைகள் மலைபோற் குவிந்தபோது அந்நிலைப்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. அமெரிக்கச் சுவடியியலாளரான தியடோர் ஷெல்லன்பேர்க் 1956இல், ஆவணத்தை ஆக்கியோருக்கு அதனால் விளையும் பயன் வேறு, பிறருக்குச் சான்றாகவும் தகவலாகவும் விளையும் பயன் வேறு எனப் பிரித்துக்காட்டினார். முன்னையது தீர்ந்தபின்னும் பின்னையது நிற்கக்கூடும். கட்டணத்துக்காக எழுதப்பட்ட பேர்க்லி ஏடு ஒற்றரைக் காட்டிக்கொடுத்தமை இதற்குத் தக்க உதாரணமாகும்.

பிரித்தானியாவிற் கிரிக் குழு 1954இல் அளித்த அறிக்கை காலவெல்லை பற்றியே பேசியது. கோவை நடைமுறைப் பயனிலிருந்து நீங்கி ஐந்தாண்டுகளுக்குள் முதற் பரிசீலனை. எஞ்சியவற்றுக்கு 25ஆம் ஆண்டில் இரண்டாம் பரிசீலனை. இதுவும் திகதிப்படி களையும் முறையே. ஆயின், இங்குத் திகதி என்பது களையும் நாளன்று. ஒருவர் கோவையைத் திறந்து நோக்கித் தீர்மானிக்கவேண்டிய நாளாகும். லொக்ரொட்டேற்றின் நான்காவது கிழமைக்கும் கிரிக் குழுவின் ஐந்தாம் ஆண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு காலத்தின் நீளத்தில் இல்லை. முன்னதில் எவரும் நோக்குவதில்லை; பின்னதில் எவரேனும் நோக்கியாகவேண்டும். கோடிக்கணக்கான வரிகளை மனிதர் ஒவ்வொன்றாக நோக்குவது இயலாது என்பது உண்மையே. ஆனால் எவ்வகை ஏடு எவ்வளவு காலம் நிற்கவேண்டும் என்பதை நோக்குவது இயலாததன்று.

மறத்தலும் ஒரு கடமை

இதுவரை கூறியவற்றால், வட்டு மலிந்துவிட்ட இக்காலத்தில் எதனையும் களையாது வைத்திருப்பதே தக்கது என்று தோன்றலாம். வரலாற்று மாணவனுக்கு அது உவப்பான முடிவே. ஆனால் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்போர் உயிரோடிருக்கும் மனிதர். அவர்களின் ஒவ்வோர் அசைவையும் என்றென்றைக்கும் பேணுவது நீதியா என்ற வினா எழுகின்றது.

21ஆம் நூற்றாண்டிற் சட்டம் இரு திசைகளில் இழுத்தது. கடனட்டை நிறுவனங்கள் 2004 டிசம்பரில் வகுத்த பாதுகாப்பு நியமம், பதிவுகள் ஓராண்டுக்கேனும் பேணப்படுவதையும் மூன்று மாதத்துக்குரியவை உடனடியாகக் கிடைப்பதையும் எதிர்பார்த்தது. மட்ரிட், லண்டன் நகரங்களிற் குண்டுகள் வெடித்ததையடுத்து ஐரோப்பிய ஒன்றியம் 2006இற் பிறப்பித்த பணிப்பாணை, தொலைத்தொடர்புப் பதிவுகளை 6 மாதம் முதல் 24 மாதம்வரை பேணுமாறு கட்டளையிட்டது. குற்றஞ்சாட்டப்படாத மக்கள் அனைவரினதும் தொடர்புகளைப் பதிந்துவைப்பது தனிவாழ்வுரிமையை அளவுமீறிப் பாதிக்கின்றது என்று கண்ட ஐரோப்பிய நீதிமன்றம், 2014 ஏப்பிரல் 8இல் அப்பணிப்பாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

சேவையகப் பதிவுக்கோப்பே நேரடியாக வழக்குக்கு வந்தது 2016இல் ஆகும். ஜேர்மன் கூட்டாட்சி அரசின் இணையத்தளங்கள் தம்மை நாடியோரின் இணைய முகவரிகளைப் பதிவேட்டிற் பேணியமையைப் பற்றிக் பிரையர் என்பவர் தொடுத்த வழக்கிலே, அவ்வாண்டு ஒக்டோபர் 19இல் அதே நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. முகவரிக்குரியவரை அறிந்துகொள்ளச் சட்டவழி இருக்குமாயின், மாறிமாறி வழங்கப்படும் இணைய முகவரியும் தனிப்பட்ட தரவாகலாம் என்பது அதன் முடிவு. தாக்குதலிலிருந்து தளத்தைக் காப்பதற்காகப் பதிவைப் பேணுவதில் நடத்துநருக்கு நியாயமான நலன் இருக்கலாம் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேலாகத் தனிப்பட்ட தரவுகளைப் பேணலாகாது என்று விதித்தது. இலங்கையில் இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இக்கோட்பாட்டை உள்ளடக்கியதாகும். இடமின்மையாற் களைந்த காலம் போய், உரிமையின் பொருட்டுக் களையவேண்டிய காலம் வந்துள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, யுனிக்ஸ் பதிவேட்டின் காலவெல்லைக்கு மூவகைக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளமை புலனாகின்றது. வட்டு குறுக்கச் சொல்கின்றது. விசாரணை நீட்டச் சொல்கின்றது. தனிவாழ்வுரிமை மீண்டும் குறுக்கச் சொல்கின்றது. இம்மூன்றையும் சீர்தூக்குவது மனிதர் செய்யவேண்டிய வேலை. நடைமுறையிலோ பெரும்பாலும் அதனைச் செய்வது முன்னரே எழுதிவைக்கப்பட்ட பொதுவிதியாகும். 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டு லினக்ஸ் முறைமைகளிற் பரவிய 'சிஸ்ரம்-டி' ஏடு இதற்குச் சான்று. திகதியைக்கொண்டு பழையவற்றைக் களையும் கட்டளை அதில் உண்டு; ஒவ்வொரு பதிவிலும் முழுமையான நேரக்குறிப்பும் உண்டு. அவ்வாறிருந்தும், எவரும் வேறு கூறாவிடின் அதன் எல்லை கோப்பமைப்பின் பத்திலொரு பங்கு, மிஞ்சிப்போனால் 4 கிகாபைற்றுகள் என்றே அமைகின்றது. 1979ஆம் ஆண்டின் கைந்நூலிற் போலவே, இங்கும் இடமே காலத்தை அளக்கின்றது.

ஆகவே, களைதலைத் தவிர்ப்பதன்று, அதனை அறிந்து செய்வதே இவ்வரலாறு வேண்டுவது. எந்த ஏடு எவ்வளவு காலம், எந்த நோக்கத்துக்காக என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். விசாரணையொன்று நிலுவையில் உள்ளபோது சுழற்சியை நிறுத்திவைக்க வழி இருத்தல் வேண்டும். களையப்பட்ட நாளும், களையப்பட்ட பகுதியின் தொடக்கமும் முடிவும், களைந்தவரின் பெயரும் வேறோர் ஏட்டிற் குறிக்கப்படல் வேண்டும். பழைய பதிவுகள் எஞ்சாதுவிட்டாலும், அவை ஏன் எஞ்சவில்லை என்பதற்கான சான்று அப்போது எஞ்சியிருக்கும். பின்னொரு நாளில் அவ்வேட்டைத் திறப்பவருக்கு, அது விசாரணை அதிகாரியாயினும் வரலாற்று மாணவனாயினும், அந்த ஒரு வரி பேருதவியாக அமையும்.